ஞானமுத்துவை நான் அசுரனாக்கிய கதை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. உன் அம்மா போய் மூன்று வருஷம், நீ போய் ஒன்றரை வருஷம். காலையில் ஒரு ஆளுக்குக் கஞ்சி வைக்கிறேன், இன்னும் அளவு பிடிபடாமல் கூடிப்போகிறது, சாயங்காலமும் அதையே குடிக்கிறேன். அச்சுக்கூடத்துக்குப் போகாத நாட்களில் வேதாகமத்தைச் சத்தம்போட்டுப் படிக்கிறேன். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு மனுஷக் குரல் கேட்கட்டுமே என்றுதான் படிக்கிறேன். தனிமை பழகிவிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் யாரும் தனியாக இருந்து பார்த்தவர்கள் இல்லை.

போன வியாழக்கிழமை அஞ்சல்காரன் ஒரு கடிதம் கொண்டுவந்தான். பீருமேட்டு முத்திரையைப் பார்த்ததும் நீதான் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். பிரித்தால் எஸ்தர். என் வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று நான் சொன்ன பெண், என்னை மாமா என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறாள். ஆறு மாதமாம். தலைப்பிள்ளைக்குப் பெண்கள் தாய்வீட்டுக்குப் போவார்கள், தனக்குத் தாயும் இல்லை, வீடும் இல்லை என்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் மழையும் அட்டையும்தான் இருக்கின்றன, நாகர்கோவிலில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறாள். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறாளாம். நீ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். அது உன் குணம். சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் நீ வாயைத்தான் பூட்டுவாய்.

படித்துவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன். உடனே ஒரு கார்டை எடுத்து, ‘வா மகளே’ என்று எழுதி, விலாசமும் போட்டுவிட்டேன். அந்தக் கார்டு இன்னும் மேஜைமேல்தான் கிடக்கிறது. மூன்று தடவை எடுத்துக்கொண்டு வடசேரிச் சந்தை வரைக்கும் போனேன், அஞ்சல் பெட்டியில் போடாமல் திரும்பி வந்தேன். யார் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரியாமல் அந்தப் பெண் இங்கே வந்து பிள்ளை பெறக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் நீ படி, பிறகு அவள் கையில் கொடு.

நீ வீட்டை விட்டுப் போன அன்று நடந்தது உனக்கு மறந்திருக்காது. ‘கொலகாரன் ரெத்தம் நம்ம குடும்பத்துல கலக்கப்பிடாது’ என்று நான் சொன்னேன். நீ டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு நின்றாய். ‘அவ அப்பனப் பத்தி ஊரு பாடுன பாட்டத்தான நீங்களும் பாடுதீய அப்பா’ என்றாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. என் பிடிவாதம் என்று நீ நினைத்திருப்பாய். உண்மை அதுவல்ல. மக்கா, அது ஊர் பாடிய பாட்டு இல்லை. நான் எழுதிய பாட்டு.

ஆமாம், ‘ஞானமுத்து கொலைச்சிந்து’ என்று எட்டுப் பக்கத்தில் வந்த அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான். அட்டையில் ‘ஒரு புலவர்’ என்றுதான் இருக்கும். பேர் போட எனக்குத் தைரியம் இல்லை. ஊரில் ஒரு கொலையோ ரயில் விபத்தோ வெள்ளமோ வந்தால் ஒரு வாரத்துக்குள் சிந்து அச்சாகிவிட வேண்டும், சந்தையிலும் திருவிழாவிலும் பாட்டுக்காரன் கஞ்சிராவைத் தட்டிப் பாடி விற்க வேண்டும், அதுதான் அந்தக் காலத்து வழக்கம். செய்தித்தாள் வாங்காத வீட்டில் கூடக் கொலைச்சிந்து இருக்கும். நான் பகலில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவன். சிந்து எழுதுவது என் திருட்டு ஆசை.

எஸ்தரின் அப்பன் ஞானமுத்து எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாது. உனக்கு அப்போது ஆறு வயது. நாம் இரணியலுக்குப் பக்கத்தில் நம் சொந்த ஊரில் இருந்தோம். நான் வாரம் முழுக்க நாகர்கோவில் அச்சுக்கூடத்தில் கிடந்துவிட்டு சனிக்கிழமை மத்தியானம் ஊருக்கு வருவேன். ஞானமுத்து நம் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த பனையேறி. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே ஞாயிறு பள்ளிக்கூடம். ஒரு நாளைக்கு நாற்பது பனை ஏறி இறங்குகிறவனுக்குத் தவளையைக் கண்டால் பயம். சபையில் பாட்டுப் பாடும்போது எல்லோரும் முடித்த பிறகு கடைசி வார்த்தையை இவன் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருப்பான், உபதேசியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் அவன்தான். நல்லவன் என்று மட்டும் சொல்லி ஏமாற்ற மாட்டேன். முன்கோபி. ஒரு தடவை எருமையை அடித்துக் காலை ஒடித்துவிட்டு, அப்புறம் பத்து நாள் அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு யோவான் என்று ஒரு அண்ணன். தகப்பன் விட்டுப்போன பனைகளை அண்ணன் தன் பேருக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொண்டான். பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் ஞானமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனான். பாளை சீவுகிற அருவாளால் அண்ணனையும், தடுக்க வந்த அண்ணன் மனைவியையும் வெட்டிப்போட்டான். அந்த அம்மாள் ஒரு பாவமும் அறியாதவள். வெயிலில் நடந்து வருகிறேன் என்று எத்தனையோ சனிக்கிழமை என்னை நிறுத்தி மோர் தந்திருக்கிறாள். வெட்டினவன் ஓடவில்லை. கிணற்றுக் கல்லில் உட்கார்ந்திருந்தானாம். போலீஸ் வந்தபோது கையை நீட்டினானாம்.

செய்தி செவ்வாய்க்கிழமை அச்சுக்கூடத்துக்கு வந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, ‘ஒம்ம ஊருதானவே. அடுத்த வாரம் மண்டைக்காட்டுக் கொடை வருவு. அதுக்குள்ள எழுதித் தாரும்’ என்றார். அன்று சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று கேட்பாய். நான் ஒன்றும் புதிதாக யோசிக்கவில்லை. சின்ன வயதில் என் அம்மாவுக்குத் தெரியாமல் அம்மன் கோயில் வேலிக்கு வெளியே நின்று வில்லுப்பாட்டுக் கேட்பேன். அதில் அசுரன் பிறப்பு என்று வரும். பிறக்கும்போதே பல், கண்ணில் தீ, பூமி அதிரும் நடை. அதையெல்லாம் அப்படியே எடுத்து ஞானமுத்துவுக்குப் போட்டேன். ‘கோரப்பல் ரெண்டு கொடுவாளைப் போல, கொப்புளிக்கும் ரத்தம் குடிப்பான் பாலைப் போல’ என்று ஆரம்பித்தேன். இரண்டு கொலையை ஐந்தாக்கினேன். தொட்டிலில் கிடந்த பிள்ளையைக் கிணற்றில் எறிந்தான் என்று எழுதினேன். யோவான் வீட்டில் பிள்ளையே கிடையாது. அதற்காக அந்த அம்மாள் எத்தனை வேதக்கோயில் போய் வந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அட்டைக்குப் படம் வேண்டுமே. ஞானமுத்து ஆயுளில் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. முதலாளி படம் அச்சடிக்கும் பழைய மரக்கட்டைகளைக் கிளறி, தீபாவளிப் புத்தகத்துக்குச் செய்த நரகாசுரன் கட்டையைக் கண்டுபிடித்தார். கிரீடத்தை மட்டும் உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, கையில் இருந்த கதாயுதத்தை அருவாள் மாதிரி மாற்றினார்கள். அந்த முகத்துக்குக் கீழே நானே என் கையால் ஞா, ன, மு, த், து என்று எழுத்துக் கோத்தேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மண்டைக்காட்டுத் திருவிழாவில் மூன்று நாளில் எல்லாப் பிரதியும் போயிற்று. நானும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். பெண்கள் பிள்ளையைக் கிணற்றில் எறியும் இடத்தில் மாரில் அடித்துக்கொண்டார்கள். ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். பிறகு எல்லோரும் ஒருவித நிம்மதியோடு கலைந்து போனார்கள், நான் அதையும் கவனித்தேன். நம் வீட்டில் யாருக்கும் கோரப்பல் இல்லையே என்கிற நிம்மதி. நான் பாட்டுக்காரனைத் தனியே கூப்பிட்டு, அவன் நிசத்தில் நம்மைப்போல ஒரு ஆள்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் சிரித்தான். ‘நம்மளப்போல ஒருத்தன்னு பாடுனா எவன் வாங்குவான் அண்ணாச்சி? வாங்குனவன் வீட்டுல ஒறங்காண்டாமா?’ என்றான்.

வில்லுப்பாட்டுக்காரர்களுக்குக் கூட நான் செய்ததைச் செய்ய மனம் வராது. அவர்கள் கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் பாடுவார்கள், மாடன் என்று சாமியாக்கிப் பீடம் போட்டுப் படையலும் வைப்பார்கள். ஆனால் எவனைப் பாடினாலும் அவன் தாய் நொந்து பெற்றதிலிருந்து பாடுவார்கள். நான் அவர்களிடமிருந்து பல்லையும் கண்ணையும் எடுத்துக்கொண்டு தாயை விட்டுவிட்டேன். யோவானும் அவன் மனைவியும் கூட என் பாட்டில் வெட்டுப்பட்ட உடம்புகளாகத்தான் கிடந்தார்கள், மோர் தந்த கை எங்கேயும் இல்லை.

அந்தப் பாட்டு நம் வீட்டுக்குள்ளும் வந்தது. நீயே கொண்டுவந்தாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கட்டம் கீறி நொண்டியடிக்கும்போது அதைப் பாடப் பழகியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை நீ முற்றத்தில் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே ‘கோரப்பல் ரெண்டு’ என்று பாடினாய். நான் சிரித்தேன். ஏன் சிரிக்கக் கூடாது, மகன் வாயில் என் பாட்டு. உன் அம்மா அடுக்களையிலிருந்து வந்து உன் வாயில் ஒரு அறை விட்டாள். நீ எதற்கென்று தெரியாமல் அழுதாய். அவள் என்னைப் பார்த்து, ‘நமக்குப் பந்தலு போட்டவனாக்கும். ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்துது?’ என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சாகும்வரை என்னோடு ஒரு குறையும் இல்லாமல் குடும்பம் நடத்தினாள், ஆனால் நான் எழுதிய எதையும் படித்துக் காட்டச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த அறை உனக்கு விழுந்திருக்கக் கூடாது. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ குதித்துப் பாடிய அதே பாட்டு எஸ்தர் காதில் எத்தனை ஆயிரம் தடவை விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார். அவள் அம்மா ஊரில் இருக்க முடியாமல் மிஷன் பெண்களோடு லேஸ் பின்னப் போய்விட்டாள். போன இடத்துக்கும் பாட்டு போயிருக்கும். பாட்டுக்குக் கால் உண்டு. நீ அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது, நான் பயந்தது அவள் இரத்தத்துக்கு இல்லை. அவள் தினமும் என் எதிரில் சோறு போட்டுக்கொண்டு நிற்பாளே, எந்த நேரத்தில் எதைத் தெரிந்துகொள்வாளோ என்றுதான் பயந்தேன். குற்றம் என்னிடத்தில் இருந்தது, பழியை அவள் இரத்தத்தின் மேல் தூக்கிப் போட்டேன். உன் வாழ்க்கையில் நான் செய்த பெரிய அநியாயம் அதுதான்.

போன மாதம் தனியாக இருக்கப் பிடிக்காமல் டாக்கி படம் பார்க்கப் போனேன். அதிலும் ஒரு கொலைகாரன். புருவம் கம்பளிப்பூச்சி மாதிரி, சிரித்தால் கொட்டகை அதிர்கிறது. பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலைத் தட்டி, ‘இவன் மோறையப் பாத்தாலே தெரியுவுல்லா?’ என்றார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நான் எட்டுப் பக்கத்தில் செய்ததை இப்போது வெள்ளைத் திரையில் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று நம்புகிறவன், தன் எதிரில் நிற்கிறவன் சொல்வதைக் காதில் வாங்க மாட்டான். நான் வாங்கவில்லை. இத்தனை பக்கமாக நான் சுற்றிச் சுற்றி வருவது அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான், மக்கா. இனிச் சொல்லிவிடுகிறேன்.

கொலை நடந்தது திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் நான் ஊருக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். ஞானமுத்து வந்தான். உள்ளே வரவில்லை. இடுப்பிலிருந்து அருவாளோடு அருவாப்பெட்டியை அவிழ்த்து வாசலில் வைத்தான். ‘இத நீ வச்சிக்கிடுவியா? நான் வந்து கேட்டாலும் தரப்பிடாது’ என்றான்.

‘எதுக்குடே?’ என்றேன்.

‘அண்ணன் வீட்டு வழியா போவும்ப கை ஒரு மாதிரி வருவு. எனக்கே பயமாட்டு இருக்கு, கேட்டியா.’

எனக்குப் பசி. ஒரு வாரம் அச்சுக்கூடத்து ஈயத்தூளில் நின்ற அலுப்பு வேறு. பனையில் அக்கானி என்கிற பதநீர் நன்றாக ஊறுகிற காலம் அது. ஒருநாள் பாளை சீவாவிட்டால் பனை அடைத்துக்கொள்ளும், பிறகு அந்த வருஷம் அக்கானியும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. பனையேறி அருவாளைக் கழற்றி வைக்கிறான் என்றால் அந்த வருஷத்துச் சோற்றையே கழற்றி வைக்கிறான் என்று அர்த்தம். அவன் எதைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தான் என்பது நம் ஊரில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ‘அக்கானி காலத்துல அருவாள எங்கிட்ட தந்துட்டு நீ என்னத்தலே செய்யப் போற? போய் சோலியப் பாருலே’ என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பெட்டியை நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் திரும்ப இடுப்பில் கட்டிக்கொண்டான். ‘செரி’ என்றான். போய்விட்டான். நான் சாப்பிட்டேன்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் ஒரே சாயங்காலத்தில் அந்தச் சிந்தை எழுதினேன் என்று? அவன் மனுஷன் என்றால் நான் தடுத்திருக்கலாம். அவன் அசுரன் என்றால் யாராலும் தடுத்திருக்க முடியாது. பூமி அதிர நடக்கிறவன் என் வாசலில் வந்து பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டான் இல்லையா. அவனுக்குப் பல் முளைக்க வைத்தது விற்பனைக்கு மட்டும் இல்லை, நான் உறங்குவதற்கும்தான்.

இதோடும் முடியவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அவன் மனைவி அச்சுக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. ‘அண்ணே, அவிய அருவாள ஒங்ககிட்ட கொண்டாந்தாவல்லா. அத மட்டும் கோர்ட்டுல வந்து சொல்லுங்க. தூக்கு இல்லாம ஜெயிலோட போனா போதும்னு வக்கீல் சொல்லுதாரு’ என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘நீ ஆளு மாறி வந்துட்ட, பிள்ளே. எங்கிட்ட யாரும் வரல்ல’ என்றேன். அவள் சண்டை போடவில்லை. என் பின்னால் மேஜையில் இரண்டாம் பதிப்புக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிள்ளை என் கையில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளைதான் எஸ்தர். சில மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் அவனைத் தூக்கில் போட்டார்கள். நான் சாட்சி சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே சாகப் போகிறேன்.

அவள் அம்மா இதை அவளிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் என்னை மாமா என்று எழுதியிருப்பாளா?

நீ தகப்பன் ஆகப் போகிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேள். எவனாவது உன்னிடம் வந்து, என்னை நம்பாதே, என் கையிலிருந்து இதை வாங்கி வை என்று சொன்னால், சாப்பாட்டை விட்டு எழுந்திரு. வாங்கி வை. அவன் முகம் சாதாரணமாகத்தான் இருக்கும். உன் மகன் கோபத்தில் ஒரு பொருளை உடைத்தால், ராட்சசப் பயலே என்று விளையாட்டுக்குக் கூடச் சொல்லாதே. எதற்குப் பயந்தாய் என்று கேள்.

எஸ்தரிடம் இதைக் கொடுக்கும்போது நீ பக்கத்தில் நிற்காதே. உன் முகத்தைப் பார்த்து அவள் என்னை மன்னிக்க வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படட்டும். அவள் வரவில்லை என்றால், அங்கே யாராவது நல்ல மருத்துவச்சியை இப்போதே பேசி வை. நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் தனியாகக் கிடப்பதற்கு நான் செய்தது போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. வந்தால் நான் கஞ்சி வைப்பேன், வெந்நீர் போடுவேன், அவள் பேசச் சொன்னால் பேசுவேன், வேண்டாமென்றால் வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒன்றை மட்டும் அவள் விட்டுவிடாமல் படிக்கட்டும். அவள் அப்பன் இரண்டு பேரைக் கொன்றான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால், கொல்லாமல் இருக்க வேண்டும் என்று தன் சோற்றையே அவிழ்த்துக்கொண்டு ஒரு வாசலுக்கு வந்து நின்றான். அந்த வாசலில் இருந்தவன் நான்.

இப்படிக்கு,
உன் அப்பா